பார்வை: தங்கள் கடிதம்

ஐயா,
தங்கள் துறையின் கடிதம்
டெல்லி, சென்னை என்று இறங்கி
கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் ஒன்பது நாள் உறங்கி
ஊத்தங்கரை வந்து சேர்ந்தது.
தாசில்தார் மேலே 'உடன்' என்று எழுதி
என் பக்கம் தள்ளிவிட்டார்.
ஆறு முத்திரைகள். அதில் உங்களுடையது எது என்று
கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

நேற்று உங்களைக் கைப்பேசியில் பார்த்தேன்.
நீலக் கொடிக்கு முன்னால் நின்று
புலம்பெயர்வு, உள்நாட்டுப் பாதுகாப்பு
என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள்.
எங்கள் அலுவலகத்திலும்
இரண்டு மின்விசிறிக்கும் ஒரே சுவிட்ச்.

நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன்.
நீங்கள் இருபத்தேழு நாட்டுக்கு.
நான், பாம்பாறு அணைக்குக் கீழே
நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கு.
மாதம் இருமுறை
சமுதாயக் கூடத்தில் மேசை போட்டுத் தலை எண்ணுவேன்.
பெங்களூருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவர்கள்
அதற்காகவே ராத்திரி பஸ் பிடித்து வருவார்கள்,
காதுமடலில் யார் வீட்டுச் சுவரோ காய்ந்திருக்க.
வராதவர் பெயரைச் சிவப்பு மையால் சுழிக்க வேண்டும்.
மூன்று சுழிக்குப் பிறகு அடித்துவிடலாம்.

வாசல் பலகையில் 'அகதிகள்' என்பதை அழித்து
'மறுவாழ்வு' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதியது முகாம் பையன்கள்தான். கூலி பாக்கி.
பதிவேடு பழையதே.

கேட்டிருக்கிறீர்கள்:
துஷ்யந்தன், தகப்பன் பெயர் அரியரத்தினம்,
வயது இருபத்தாறு,
கடலிலிருந்து எடுக்கப்பட்டவர்.
தங்கள் நாட்டவர்தானா? திருப்பினால் ஏற்பீர்களா?

பிறந்தது ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரி.
பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவது.
முதலாவதாக வந்தவன் எங்கள் இளநிலை உதவியாளன்;
தங்கள் கடிதத்துக்கு வரவு எண் போட்டது அவன்.
எண்ணைப் போட்டான், பெயரைப் படித்தான்,
பேனாவை மூடி வைத்துவிட்டு டீக்குப் போனவன்
மதியம்வரை வரவில்லை.
நான் மெமோ கொடுக்கவில்லை.

'நாடு' என்ற கட்டத்தில்
இருபத்தாறு வருடமாக ஒரு சிறு கோடு.
எனக்கு முன் இருந்தவர் போட்டது,
அவருக்கு முன் இருந்தவரைப் பார்த்து.

சனிக்கிழமை அவன் அம்மா ராசமலர் வரிசையில் வந்தார்.
கையெழுத்துப் போட்டார், பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்தார்.
"அங்கை சரியான குளிராம், மிஸ்" என்றார்.
கடிதத்தைப் பற்றி நான்
ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.
பின்னால் நின்ற பெண் இருமினாள்.
அடுத்த அட்டையை வாங்கிக்கொண்டேன்.

இருந்தான் என்று எழுதினால்
இங்கே அனுப்புவீர்கள்.
இங்கே இறக்கினால் இவர்கள்
அவன் பார்த்தேயிராத கொழும்புக்கு
வண்டி ஏற்றலாம். ஏற்றாமலும் போகலாம்.
இல்லை என்று எழுதினால்
அவன் யாருமில்லாதவன்.
யாருமில்லாதவனை நீங்கள் எந்த அறையில் வைப்பீர்கள்,
எத்தனை நாள், ஜன்னல் இருக்குமா?
இதில் எது அவனுக்கு நல்லது என்று
உங்கள் விதிப் புத்தகத்தில் ஏதும் இருந்தால்,
ஒரே வேலை பார்ப்பவர் என்ற முறையில், சொல்லுங்கள்.
எங்கள் புத்தகத்தில் தேடிவிட்டேன்.

கெடு இன்று மாலை ஐந்து மணி.
நாலேமுக்காலுக்கு எழுதினேன்:

மேற்படி நபரின் பெயர்
தற்போது பதிவேட்டில் நடப்பில் இல்லை.

பொய்யில்லை, ஐயா. ஆடி மாதம் நான்தான் அடித்தேன்.
ஸ்கேல் வைத்து அடித்தும்
மை மட்டம்.
கோட்டுக்கு அடியில் அவன் பெயர்
இன்னும் வாசிக்கும்படிதான் இருக்கிறது.
அந்தப் பக்கத்தை நகல் எடுக்கவில்லை.

இணைப்பு: ஏதுமில்லை.